ஒரே பெஞ்சு, பத்து அளவு!

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு அளவு என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டும் ஜரிகையும் எடை போட்டு வீட்டுக்கு வரும். நெய்த புடவையும் எடை போட்டுத்தான் திரும்பிப் போகும். கோயில் வாசலில் பூவை முழம் போட்டு விற்கிறார்கள். "அந்தக்கா கை குட்டைம்மா, இந்த ஆயாகிட்டே வாங்கு" என்று ஆறு வயசுப் பெண் அம்மாவின் முந்தானையை இழுக்கும். கை நீண்டால் முழம் நீளும் என்று அதற்கு யார் பாடம் நடத்தினார்கள்?

அதே பெண் ஏழாம் வகுப்புக்குப் போனதும் என்ன ஆகிறது பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் (பெயர் எதற்கு?) பெஞ்சின் நீளத்தை அளக்கச் சொன்னார்கள். ஒருத்திக்கு 121.4 சென்டிமீட்டர். இன்னொருத்திக்கு 121.6. மூன்றாமவளுக்கு 122. டீச்சர் போர்டில் 121.5 என்று எழுதினார். உடனே முப்பது பிள்ளைகளும் ரப்பரை எடுத்து, தாங்கள் அளந்ததை அழித்துவிட்டு 121.5 என்று எழுதிக்கொண்டார்கள். "ஏம்மா அழிச்சே?" என்று கேட்டால், "டீச்சர் போட்டதுதானே கரெக்ட்?" என்கிறது குழந்தை.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இந்தப் பழக்கம் ப்ளஸ் டூ பிராக்டிகல் வரைக்கும் கூடவே போகிறது. பெண்டுலம் சோதனையில் விடை 9.8 வர வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதிவிடுகிறது! மார்க்கும் வருகிறது. ஆனால் அந்தக் குழந்தை எதையும் பார்க்கவில்லை, அளக்கவும் இல்லை. நாளைக்கு அது நர்ஸாகி ஜுரம் பார்க்கலாம், மருந்துக் கடையில் மில்லி கணக்கில் மருந்து ஊற்றித் தரலாம். இருக்க வேண்டியதை எழுதுகிற கை அங்கேயும் அப்படியே எழுதினால் என்ன ஆகும்?

பத்துப் பேர் அளந்தால் பத்து விதமாகத்தான் வரும். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும். ஒருத்தி நேராகப் பார்த்திருப்பாள், ஒருத்தி சாய்ந்து பார்த்திருப்பாள். பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஏன் வித்தியாசம் வந்தது, எவ்வளவு வந்தது, இத்தனையிலும் எதை எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் அங்கேதான் சயன்ஸ் ஆரம்பம்.

இதை ஒரு ஜில்லா முழுவதும் செய்து பார்த்திருக்கிறார்கள், நம் நாட்டிலேயே! மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில் உள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ம் வருஷம் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் முன்னின்று செய்தன. டில்லி, பம்பாய் விஞ்ஞானிகள் வந்து வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். 1978-ல் ஜில்லாவின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போயிற்று. 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகிப் பொறுப்பை ஏற்றது.

அந்தப் பாடப் புத்தகத்தின் பெயர் 'பால வைக்ஞானிக்'. அதில் விடைகள் கிடையாது. செய்ய வேண்டிய சோதனைகளும் கேள்விகளும்தான். நாலு நாலு பிள்ளைகளாக உட்கார்ந்து செய்ய வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும், பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து பேச வேண்டும். அளவைப் பாடத்தில் ஒரே பொருளைப் பல பேர் அளப்பார்கள். வந்த எண்களையெல்லாம் வரிசையாக எழுதுவார்கள். யாருடையதையும் அழிப்பதில்லை. எந்த அளவு அதிகம் பேருக்கு வந்திருக்கிறது, எது மட்டும் தனியாக விலகி நிற்கிறது என்று பார்ப்பார்கள். இந்த ஏற்றக்குறைச்சலுக்கு 'கட்-பட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தியில் குறைவதும் கூடுவதும் என்று அர்த்தம்.

பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. செய்முறைப் பரீட்சை தனியாக உண்டு. சந்தேகம் வந்தால் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் போடலாம். கிராமத்துப் பிள்ளைகள் எழுதி அனுப்ப, அவர் பெயரில் பதிலும் வரும். (இப்படி ஒரு சவாலிராம் நம் வீட்டுக்கும் வேண்டும் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். கேள்வி கேட்டே கொல்கிறார்களே!)

விலை உயர்ந்த சாமான்களும் இல்லை. 1978-ல் அங்கே வந்து தங்கிய அரவிந்த் குப்தா என்ற என்ஜினீயர், சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம், சதுரம், வீடு என்று வடிவங்கள் செய்ய வழி கண்டுபிடித்தார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். கூரைக்கு ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்று பிள்ளைக்கு விரலிலேயே தெரிந்துவிடும். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முப்பது வருஷம் நடந்த இந்த ஏற்பாட்டை 2002-ல் அந்த மாநில அரசே நிறுத்திவிட்டது. படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

நம் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28-ம் தேதி 'வானவில் மன்றம்' என்ற திட்டத்தைத் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். கருத்தாளர்கள் சோதனைச் சாமான்களை டூவீலரில் எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ச் செய்து காட்டிப் பிள்ளைகளையும் செய்ய வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம். ஆனால் வருகிறவர் கிளம்பிப் போன பிறகு மீதி நாட்களில் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மற்ற ஊர்களை விட நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. லாபரட்டரி நம் தெருவிலேயே இருக்கிறது!

ஒரு பட்டு இழை எவ்வளவு மெல்லிசு? ஸ்கேலை வைத்து ஒற்றை இழையை அளக்க முடியாது. ஆனால் பென்சிலில் நெருக்கமாக 50 சுற்று சுற்றி, சுற்றிய அகலத்தை அளந்து, 50-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். 50 சுற்றுக்கு 1 சென்டிமீட்டர் வந்தால் ஒரு இழை 0.2 மில்லிமீட்டர். ஒருத்தி இறுக்கிச் சுற்றுவாள், ஒருத்தி தளர்த்திச் சுற்றுவாள், விடை மாறும். மாறட்டும்! ஏன் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஜரிகைக்கும் பட்டுக்கும் இப்படியே செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். தார் சுற்றிப் பழகிய பெண்கள் இதில் எல்லாரையும் தோற்கடித்துவிடும் என்பது என் கணிப்பு.

பட்டு நூலுக்கு டெனியர் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள் அல்லவா? 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர், அவ்வளவுதான். முறுக்காத கச்சாப் பட்டு 20 டெனியர் என்றால் 450 மீட்டர் நூல் சேர்ந்தால்தான் 1 கிராம். ஒரு மீட்டரைப் பள்ளித் தராசில் வைத்தால் முள் அசையவே அசையாது. 'அப்படியானால் எப்படி எடை பார்ப்பது?' என்று கேட்டுவிட்டு டீச்சர் சும்மா இருந்தால் போதும், பிள்ளைகளே சிட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

கச்சாப் பட்டில் இயற்கையாகவே பசை உண்டு. சாயப்பட்டறையில் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அதை எடுத்தால் எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை பார்த்து எழுதி வரச் சொன்னால் சதவீதக் கணக்கு தானாக வரும். கொதிக்கிற தொட்டிப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது ஈரம். பட்டு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பட்டு 100 கிராம் என்றால், ஈரத்தையும் சேர்த்து 111 கிராம் என்று வைத்துக்கொள்வது பட்டு வியாபாரத்தில் உலக வழக்கம். ஒரே சிட்டத்தை ஐப்பசி மழையில் ஒரு தரம், சித்திரை வெயிலில் ஒரு தரம் எடை போட்டு எழுதி வைக்கட்டும். எடை குறைந்தது என்று யாராவது ஒருவரைச் சந்தேகமாகப் பார்க்கும்போது, 'அன்னிக்கு மழைங்க, இன்னிக்கு வெயிலுங்க' என்று நோட்டைக் காட்டிப் பேசத் தெரிந்த பெண் வீட்டில் இருந்தால் எத்தனை பலம்!

எண் மாறினால் அவமானம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். 1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோ என்பது பாரிஸ் பக்கத்தில் பெட்டகத்தில் வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான். அதற்குப் பிரதிகள் செய்து நாடுகளுக்குக் கொடுத்தார்கள். 57-ம் நம்பர் பிரதி நம்முடையது, டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. சுமார் நூறு வருஷம் கழித்து ஒப்பிட்டால், மூல உருளைக்கும் பல பிரதிகளுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம்! ஒரு கடுகின் எடைகூடக் கிடையாதுதான். ஆனாலும் விஞ்ஞானிகள் ரப்பரை எடுத்து அழித்துவிடவில்லை. ஏன் ஏன் என்று கேட்டு, கடைசியில் 2019 மே 20 முதல் உருளையையே விட்டுவிட்டு, இயற்கையில் மாறாத ஓர் எண்ணை வைத்துக் கிலோவுக்கு இலக்கணம் எழுதிக்கொண்டார்கள்.

'இதெல்லாம் செய்துகொண்டிருந்தால் போர்ஷன் எப்படி முடிப்பது?' என்று டீச்சர்கள் கேட்பது எனக்கும் புரிகிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக ஒரு பீரியடில் செய்வது லேசு இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் போதுமே. அறிவியல் கண்காட்சி என்று அப்பா தெர்மாகோல் வெட்ட, அம்மா கலர் அடிக்க, பிள்ளை பக்கத்தில் நின்று ஒப்பிக்கிறதே, அதற்குச் செலவாகும் நேரத்தில் பாதி இருந்தால் ஆகிவிடும்.

வீட்டில் நாமும் கொஞ்சம் செய்யலாம். ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டி ஆணியில் தொங்க விடுங்கள். ஆணியிலிருந்து கல்லின் நடு வரை ஒரு மீட்டர் இருந்தால் போய்த் திரும்ப சுமார் 2 வினாடி. கால் மீட்டர் இருந்தால் சுமார் 1 வினாடி. ஒரு ஆட்டத்தை அளக்காமல் 20 ஆட்டத்தை எண்ணி வகுக்கச் சொல்லுங்கள். கனமான கல்லைக் கட்டினால் வேகமாக ஆடுமா என்று முதலில் பந்தயம் கட்டட்டும், அப்புறம் பார்க்கட்டும். விடையை நாம் முந்திச் சொல்லிவிடக் கூடாது, அதுதான் நமக்குக் கஷ்டம். ஸ்கேல் முனை தேய்ந்திருந்தால் 10-லிருந்து அளக்க ஆரம்பித்துக் கடைசியில் 10-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் பெற்றோர்கள்தான் அதிகம், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கழிப்பறை, குடிதண்ணீர் பற்றிக் கேட்டுவிட்டு, இன்னொன்றும் கேளுங்கள்: சயன்ஸ் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக என்றைக்குத் திறந்தார்கள்?