கோலத்துக்கும் உரிமையாளர் உண்டு

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே கடலில் உள்ளவை திவி தீவுகள். அவற்றில் ஒன்றான பாத்தர்ஸ்ட் தீவில், 1969-இல் பீட் துங்குடாலம், ஜியோவானி திப்புங்வுதி என்ற இரு இளைஞர்கள் மரக்கட்டையில் உருவங்களைச் செதுக்கி அச்சிடத் தொடங்கினர். அம்முயற்சியே 'திவி டிசைன்ஸ்' கலை மையமாக வளர்ந்தது. இன்று அத்தகைய கையச்சுத் துணிகள் திரைச்சீலைகளாகவும் மெத்தை உறைகளாகவும் மேசை விரிப்புகளாகவும் பல வீடுகளை அலங்கரிக்கின்றன.

நீண்ட மேசையில் துணியை விரித்து, அதன் மேல் வலைத்துணி கட்டிய சட்டத்தை வைத்து, ரப்பர் பட்டையால் சாயத்தை அழுத்தி இழுக்கிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும். கையுழைப்பு மிகுந்த இத்துணியின் விலை அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால், விலையைவிட முக்கியமானது அனுமதி. திவி மக்களின் வடிவங்கள் பல, 'புக்குமானி' என்னும் இறுதிச் சடங்கில் காவி மண்ணால் உடலில் தீட்டப்படும் கோலங்களிலிருந்து பிறந்தவை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்களில் எந்தக் கதையை யார் வரையலாம் என்பதைக் குலமும் உறவுமுறையும் தீர்மானிக்கின்றன.

இதன் பொருளை உலகுக்கு உணர்த்தியது 1994-இல் வந்த ஒரு தீர்ப்பு. பூர்வகுடி ஓவியர்கள் எண்மரின் படைப்புகளை அனுமதியின்றி வியத்நாமில் கம்பளங்களாக நெய்து, பெர்த் நகர நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்தது. புனிதக் கதைகள் காலில் மிதிபடும் தரைவிரிப்புகளாயின. ஓவியர் பாண்டுக் மரிக்கா உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்கியதுடன், பண்பாட்டு நோக்கில் நேர்ந்த பாதிப்பையும் கணக்கில் கொண்டது.

எனினும், காப்புரிமைச் சட்டம் தனி ஓவியரையே பாதுகாக்கிறது. ஒரு குலம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் மரபுக்கு அது உரிமை தருவதில்லை. அச்சிட்ட துணி தொடர்பான 1998-ஆம் ஆண்டு வழக்கிலும், ஓவியர் தம் குலத்துக்குக் கடமைப்பட்டவர் என்று ஏற்ற நீதிமன்றம், குலத்துக்கே பதிப்புரிமை உண்டு என ஏற்கவில்லை. குறிப்பிட்ட ஓவியத்தை நகலெடுக்காமல் அதன் பாணியை மட்டும் போலி செய்பவர்கள் இந்த இடைவெளியில்தான் தப்புகிறார்கள். தனிச்சட்டம் கொண்டுவரப்படும் என்று அந்நாட்டு அரசு 2023-இல் அறிவித்தது.

சட்டம் வரும்வரை வாங்குபவரின் கேள்வியே காவல். வரைந்தவர் பெயர் என்ன? எந்தச் சமூகம்? அவருக்குப் பங்கு சேர்கிறதா? இவற்றுக்கு விடை தராத துணி எவ்வளவு அழகாயினும், அது பிறர் வீட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட பொருளே.