வீட்டில் ஹிஜாமா: கப் வைக்கலாம், கீறலாமா?

இஷாத் தொழுகை முடிந்து வீடு அடங்கும் நேரத்தில்தான் பகல் முழுக்க மறந்திருந்த நோவு வெளியே வரும். தையல் மெஷினில் குனிந்திருந்த கழுத்து, குந்தியிருந்து பாய் இழைத்த நாரி, குடம் சுமந்த தோள். "இந்த இடத்தைக் கொஞ்சம் அமத்தி விடு மகள்" என்று கேட்காத உம்மா நம் ஊர்களில் குறைவு. விடியுமுன் வாவியில் வலை வீசிவிட்டு வரும் வாப்பாவின் தோள்மூட்டுக்கும், பரீட்சைக்காக நள்ளிரவு வரை புத்தகத்தில் கவிழ்ந்திருக்கும் நமது பிடரிக்கும் இதே கதைதான்.

முன்பு இதற்கு எண்ணெயும் ஒத்தடமும் இருந்தன. இப்போது பல வீடுகளில் ஒரு சின்னப் பெட்டியும் இருக்கிறது. அதற்குள் பிளாஸ்டிக் கப்புகளும், காற்றை இழுக்கும் கைப்பம்பும் இருக்கும். ஹிஜாமா செய்யும் பெட்டி அது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் ஹிஜாமா என்ற சொல்லை அறியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை வீட்டில் எதுவரை பயன்படுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர் அத்தனை பேர் இல்லை. இக்கட்டுரை அதைத்தான் சொல்ல வருகிறது.

பழைய வைத்தியம்

'ஹிஜாமா' என்ற அரபுச் சொல் உறிஞ்சுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டதையும், செய்துவிட்ட அபூதைபா என்பவருக்குக் கூலி கொடுத்ததையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. தேன், ஹிஜாமா ஆகியவற்றில் நிவாரணம் உண்டென்று அவர்கள் கூறியதும் நாம் அறிந்ததே. அதனால்தான் நம்மவர் இதை வெறும் வைத்தியமாக மட்டுமன்றி, ஸுன்னா என்ற மதிப்போடும் அணுகுகின்றனர்.

இம்முறை பல சமூகங்களுக்குப் பொதுவானது. இந்திய வைத்திய நூலான சுஸ்ருத சம்ஹிதை கொம்பு, அட்டை, சுரைக்குடுவை ஆகியவற்றால் இரத்தம் எடுப்பதை விவரிக்கிறது. தமிழ்ச் சித்த வைத்தியம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளுள் ஒற்றடம், தொக்கணம் ஆகியவற்றோடு உறிஞ்சல், குருதி வாங்கல் என்பனவும் உண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அறுவை வைத்திய மேதை அஸ்ஸஹ்ராவி, கொம்பு, மரம், செம்பு, கண்ணாடி என ஹிஜாமாக் கருவிகளின் வகைகளை எழுதி வைத்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகளை உலகமே பார்த்தது. அவையும் கப் வைத்த அடையாளங்களே.

இரண்டு வகை

ஹிஜாமாவில் இரண்டு வகை உண்டு. கப்பைத் தோலில் வைத்துக் காற்றை இழுத்து, சில நிமிடங்களின் பின் எடுத்துவிடுவது உலர் முறை. இதில் தோல் வெட்டப்படுவதில்லை. முதலில் உறிஞ்சி, பின் பிளேடால் மெல்லியதாகக் கீறி, மீண்டும் கப் வைத்து இரத்தம் எடுப்பது ஈர முறை. நம்மிடையே ஹிஜாமா என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் கருதுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கீறல்தான் வித்தியாசம். ஆனால் வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு விடை அந்தக் கீறலில்தான் இருக்கிறது.

கப்புக்குள் நடப்பது என்ன?

காற்று வெளியேறியதும் கப்புக்குள் அழுத்தம் குறைகிறது. தோலும் அதன் கீழுள்ள தசையும் மேல்நோக்கி இழுபடுகின்றன. அவ்விடத்துக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் சில உடைந்து இரத்தம் தோலுக்கடியில் கசிகிறது. சிவப்பாக அல்லது கத்தரிப்பூ நிறத்தில் தெரியும் வட்டம் அதுதான். அடிபட்டால் கன்றிப்போவது போன்றதே இது. சில நாட்களில் தானாக மறையும்.

"கறுப்பாக வந்தால் கெட்ட இரத்தம் அதிகம்" என்று சொல்வதுண்டு. நிறம் கறுப்பது நாம் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இழுத்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. இரத்தத்தைச் சுத்திகரிக்க அல்லாஹ் ஈரலையும் சிறுநீரகங்களையும் தந்திருக்கிறான். ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. அந்த வேலையை ஒரு கப் செய்துவிடாது. எனவே வட்டம் கறுக்கவில்லையே என்று மேலும் மேலும் பம்ப் அடிப்பது கூடாது. கொப்புளம் போடுவதுதான் மிச்சமாகும்.

நோவு குறைவது எப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. இறுகிய தசை இழுபட்டுத் தளர்வது, நரம்புகளுக்குச் செல்லும் புதிய உணர்ச்சி நோவின் உணர்ச்சியை மட்டுப்படுத்துவது, பத்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பது, அன்பான ஒரு கை தொடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

வீட்டில் செய்து பார்த்த ஓர் ஆய்வு

வீட்டில் கப் வைப்பதையே நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு ஜேர்மனியில் நடந்து 2013இல் வெளியானது. நாட்பட்ட கழுத்து நோவுள்ள 61 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் எண்ணெய் தடவி, கப்பை வைத்து மெதுவாக நகர்த்தும் முறையை, துணைக்கு ஒருவருடன் வந்து ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தார்கள். மற்றக் குழுவினர் கப் எதுவும் இல்லாமல், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்தார்கள். வாரத்துக்கு இரு தடவை, 12 வாரங்கள்.

முடிவில் இரு குழுவினருக்கும் நோவு குறைந்திருந்தது. குறைந்த அளவில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. கப் வைத்தவர்களுக்கு உடலும் மனமும் சற்றுக் கூடுதல் சுகமாக இருந்தது. அழுத்தினால் நோகும் தன்மையும் குறைந்திருந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு பாடங்கள் உண்டு. தோலைக் கீறாமல், பழகிக்கொண்டு, அளவோடு செய்தால் கப் ஆறுதல் தரக்கூடும். அதே ஆறுதலின் பெரும் பகுதியைப் பணம் செலவழிக்காத ஒரு பயிற்சியாலும் பெறலாம். தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, மூச்சை விட்டபடி தளர்த்துங்கள். பிறகு கைகள், முதுகு, கால்கள் என்று தொடருங்கள். படிப்பின் நடுவே கதிரையில் இருந்தபடியே இதைச் செய்யலாம்.

கீறல் ஏன் வீட்டுக்கு ஆகாது?

தோல் என்பது உடம்பின் வேலி. பிளேட் பட்டதும் வேலி திறக்கிறது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்துபோன இரத்தத்தில்கூட உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஒரே கப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உம்மாவுக்கும் சாச்சிக்கும் பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். சுடுநீரில் கழுவுவது கிருமிநீக்கம் ஆகாது. பிளேடும் கப்பும் ஒருவருக்கு ஒரு தடவையோடு எறியப்பட வேண்டியவை.

அடுத்தது, இரத்தச்சோகை. பெண்களாகிய நமக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. ஏற்கனவே இரும்புச்சத்துக் குறைந்தவர் "உடம்பு அலுப்பாக இருக்கிறது" என்று அடிக்கடி இரத்தம் எடுத்தால், அந்த அலுப்பு மேலும் கூடும். நிறுத்தாமல் கசியும் இரத்தம், மயங்கி விழுதல், சீழ் பிடித்தல், ஆறிய பின்னும் தடித்து நிற்கும் தழும்பு ஆகியவற்றையும் வீட்டுக் கட்டிலில் சமாளிக்க முடியாது.

மார்க்கமும் இதில் நம்மை எச்சரிக்கிறது. வைத்தியம் அறியாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உண்டு. அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் ஹிஜாமா செய்துகொள்ள அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்கென அபூதைபாவையே ஏவினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. அவர் அத்தொழிலை அறிந்தவர். அவர் உம்மு ஸலமாவின் பால்குடிச் சகோதரராகவோ பருவமடையாத சிறுவராகவோ இருந்திருப்பார் என அறிவிப்பாளர் கருதுவதையும் அந்த ஹதீஸே சொல்கிறது. கைதேர்ந்தவரிடம் செல்வதும் ஹயாவைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் யூனானி, சித்த வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். இரத்தம் எடுக்கும் ஹிஜாமா வேண்டுமென்றால் பதிவு பெற்ற யூனானி வைத்தியரை, இயன்றவரை பெண் வைத்தியரை நாடுங்கள். புதிய பிளேட், புதிய கப், புதிய கையுறை ஆகியவற்றை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

உலர் முறையை வீட்டில் செய்வதானால்

முதல் தடவை பழகிய ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தோலைச் சுத்தம் செய்து மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். தோளின் மேற்புறம், முதுகெலும்பின் இரு பக்கத் தசை, தொடை போன்ற சதைப்பிடிப்பான இடங்களில் மட்டும் வையுங்கள். முதுகெலும்பின் மேல், கழுத்தின் முன்புறம், முகம், மார்பு, வயிறு, புடைத்த நரம்பு, மறு, புண், சொறி உள்ள இடங்களைத் தவிருங்கள்.

ஒன்றிரண்டு பம்ப் போதும். இதமான இழுவை தெரிய வேண்டும், நோகக் கூடாது. 5 நிமிடத்தில் தொடங்குங்கள், 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எடுக்கும்போது வால்வைத் திறந்து காற்றை விடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். பழைய வட்டம் மறையும் வரை அதே இடத்தில் மீண்டும் வைக்காதீர்கள். தீக்குச்சியும் பஞ்சும் வைத்து நெருப்பால் காற்றை இழுக்கும் முறை வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். தீக்காயம் நிமிடத்தில் வந்துவிடும். கப் வைத்தவரைத் தனியே விட்டுப் போகவும் வேண்டாம்.

வோபரின், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாதிருக்கும் குளிசை பாவிப்போர், கர்ப்பிணிகள், இரத்தச்சோகையுள்ளோர், சீனி வருத்தத்தால் கால் கை விறைப்புள்ளோர், இதய நோயாளிகள், சிறு பிள்ளைகள், தோல் மெலிந்த முதியோர் ஆகியோருக்கு வைத்தியரைக் கேளாமல் உலர் கப்பும் வைக்கக் கூடாது.

எல்லா நோவும் தசை நோவல்ல

வீட்டுக் கப்பின் மிகப் பெரிய ஆபத்து, சில வேளை கப் தரும் தாமதம்தான். இடது தோளில் அல்லது முதுகில் நோவு, அதோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சு நோவு இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிக் கப் வைத்துக் காத்திருக்கும் அரை மணி நேரம் ஒரு உயிரின் விலையாகிவிடும். உடனே 1990 இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நாரி நோவோடு கால் பலமிழந்தால், இருப்பிடம் விறைத்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அதுவும் அவசரமே. காய்ச்சல், காரணமின்றி மெலிதல், இரவில் உறங்கவிடாத நோவு, விழுந்து அடிபட்டபின் தொடரும் நோவு ஆகியவற்றுக்கும் முதலில் வைத்தியப் பரிசோதனை வேண்டும். சில வாரங்களாகியும் தீராத எந்த நோவையும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டிவிடுவது நல்லது.

நோவின் வேரைப் பார்ப்போம்

கப் எடுத்த மறுநாள் உம்மா அதே மெஷினில், அதே உயரக் கதிரையில், அதே கூனலில் அமர்ந்தால் நோவும் அதே இடத்துக்குத் திரும்பும். தைக்கும் கதிரையைச் சற்று உயர்த்துவது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, குடத்தை ஒரே இடுப்பில் சுமக்காமல் மாற்றுவது, நிலத்தில் குந்தி அரியும் வேலையை மேசைக்கு ஏற்றுவது, பாரத்தை முழங்கால் மடித்துத் தூக்குவது ஆகியவை எந்தக் கப்பும் தராத நிவாரணத்தைத் தரும். உம்மாவின் வேலையில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்வதும் இவற்றோடு சேரும்.

ஆகவே அந்தச் சின்னப் பெட்டியைத் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது தசை நோவுதானா? இவருக்குக் கப் வைக்கலாமா? தோலைக் கீறாமல் நிறுத்திக்கொள்வேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி இதமாக வையுங்கள். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால் பெட்டியை மூடிவிட்டு உம்மாவை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்தை இறக்கிய அல்லாஹ்தான் அதை அறிந்தவர்களையும் படைத்திருக்கிறான்.