கேம் வாங்கினேன் என்றால் எதை வாங்கினேன்?

நம் மாணவர்கள் ‘கேம் வாங்கினேன்’ என்று சொல்லும்போது, அவர்கள் கையில் என்ன வந்தது என்று நாம் கேட்பதில்லை. நாற்பதைக் கடந்த நம்மைப் போன்றோருக்கு டிவி கேம் என்றால் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேசட். உள்ளே ஒரு சிறு மின்சுற்று அட்டை, அதில் ஒரு நினைவகச் சில்லு. விளையாட்டு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். ஓடும். ஊதியதால் அல்ல, திரும்பச் செருகியதில் உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதால் ஓடியது. (அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்தலாம்.)

பிறகு குறுந்தகடு வந்தது, சுமார் 700 மெகாபைட். அடுத்து டிவிடி, 4.7 ஜிபி. அதன்பின் 50 ஜிபி கொள்ளும் புளூரே. இவை எல்லாமே கையில் பிடிக்கக்கூடிய பொருள்கள். 2003இல் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையைத் தொடங்கியது. தகடு இல்லாமல் விளையாட்டை நேரடியாகக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வழக்கம் அதன்மூலம் பரவியது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இரண்டு வகையாக விற்கப்பட்டது. அவற்றில் ஒன்றில் தகடு போடும் இடமே கிடையாது. 2025இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியானபோது, சில விளையாட்டுகளின் அட்டைக்குள் விளையாட்டு இல்லை, அதை இணையத்தில் இறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே இருந்தது.

புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தெரியாதவர் இல்லை. பழைய புத்தகத்தோடு பழைய கேம் தகடுகளையும் அங்கே பேரம் பேசி வாங்கிய தலைமுறை எங்களுடையது. ஒரு கேசட் ஒரு தெரு முழுவதும் சுற்றும். வாங்க வசதியில்லாத பையனும் விளையாடினான். அந்த இரவல் இப்போது அறுந்துவிட்டது. இணையக் கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது பொருள் அல்ல, பயன்படுத்தும் உரிமம். பெரும்பாலும் அதை விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

தகடு இருந்தால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தகடாக வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பின் விளையாட முடியவில்லை. நம் நாட்டில் பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 30 அன்று சேவை நின்றது. தடை சரியா என்பது வேறு விவாதம். மறுஆண்டு அதன் இந்தியப் பதிப்பு வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள ஒரு காலக்கெடு வைத்தார்கள். அதைத் தவறவிட்டவர்களின் பழைய கணக்கு போனது போனதுதான்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் தீபாவளிக் காசு, பிறந்தநாள் காசு எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகளாக ஒரு விளையாட்டில் உடைகளும் ஆயுதங்களும் வாங்கச் செலவிட்டிருந்தான். கணக்கு அண்ணனின் மின்னஞ்சலில் இருந்தது. அண்ணன் வேலைக்குப் போய்ப் போனை மாற்றினார், கடவுச்சொல் மறந்துவிட்டது. “சார், அது என்னுதுதானே?” என்று கேட்டான். கேள்வி சரியானது. சட்டப்படி பதில் அவனுக்குச் சாதகமாக இல்லை.

இணைய விற்பனையால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. தகடு அச்சிட்டுக் கடை கடையாக அனுப்பப் பணம் இல்லாத சிறு குழுக்களுக்கு அது வழி திறந்தது. கனடாவின் டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ ஒரு நல்ல உதாரணம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் குறிப்பேட்டுக்கு நேர்ந்தது ‘வெண்பா’வுக்கே நேர்ந்தால்? நம் செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிக் கட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஓலையில் இருந்ததால் அதை யாரோ ஒருவர் படியெடுக்க முடிந்தது. பிரான்சில் 1992 முதல், வெளியாகும் விளையாட்டுகளின் பிரதிகளும் சட்டப்படி தேசிய நூலகத்தில் சேர்க்கப்படுகின்றன. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களையும் இதழ்களையும் நூலகங்களுக்கு அளிப்பது பற்றியதுதான். விளையாட்டுகளுக்கு அதில் இடமில்லை.

வகுப்பில் இதைக் கணக்காகவே தொடங்கலாம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் போனில் 50 ஜிபி விளையாட்டை இறக்க எத்தனை நாள்? வேறு எதற்கும் நெட் தொடாமல் 34 நாள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் விடையைக் கண்டதும் சிரித்துவிட்டார்கள். அடுத்து, வீட்டில் ‘வாங்கிய’ பத்துப் பொருள்களை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கட்டம் போடச் சொன்னேன்: நண்பனுக்கு இரவல் தர முடியுமா? நெட் இல்லாமல் இயங்குமா? பாடநூலை எழுதிய ஒரு மாணவி, அதிலுள்ள கியூஆர் குறியீட்டின் காணொளியைத் தனி வரியாகப் பிரித்து எழுதியிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு செய்திகளைச் சொன்னால் போதும். பிள்ளை விளையாடும் கணக்கு யார் மின்னஞ்சலில் உள்ளது என்பதையும் அதன் கடவுச்சொல்லையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். போனிலுள்ள செயலிக் கடையில், ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யத் தெரியாத பெற்றோருக்குக் கூட்டம் முடிந்ததும் நாமே போனை வாங்கிக் காட்டித் தரலாம், ஐந்து நிமிட வேலைதான்.