முன்கூடத்தில் பறக்கும் வைஃபை கொல்லைப்பக்கம் போனால் ஏன் படுத்துவிடுகிறது?

கீழ்பென்னாத்தூரில் தெருவிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் வாசல் பக்கம். கூடத்தில் வீடியோ ஜம்மென்று ஓடுகிறது. சமையலறையைத் தாண்டினால் வட்டம் சுற்றுகிறது.

வைஃபை ஒரு ரேடியோ அலை. செங்கல் சுவர் அதில் கொஞ்சம் விழுங்கும், கம்பி கட்டிய கான்கிரீட் நிறைய விழுங்கும். இரும்பு பீரோ திருப்பியே அனுப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் தரவு வேகமாகப் போகும், ஆனால் சுவரைக் கண்டால் அது சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு.

இதற்குத் தீர்வாக, வீட்டில் ஆங்காங்கே பெட்டிகளை வைக்கும் மெஷ் வைஃபை என்ன செய்கிறது? தளம் போடும்போது பார்த்திருப்பீர்களே, கலவைச் சட்டியை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றுவார்கள். மெஷ் பெட்டிகளும் தரவை அப்படித்தான் கைமாற்றும்.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பழைய எக்ஸ்டெண்டர் ஒற்றைக் கை ஆள். வாங்குவதும் கொடுப்பதும் அதே கையால், வேகம் பாதியாகிவிடலாம். மூன்று அலைவரிசை மெஷ்ஷில், ஒன்றைப் பெட்டிகள் தமக்குள் கைமாற்றவே ஒதுக்கிக்கொள்ளலாம்.

பலர் இரண்டாவது பெட்டியைச் சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சட்டி எட்டாத இடத்தில் ஆளை நிறுத்துவீர்களா? பாதி வழியில் வையுங்கள். இடையே லேன் கேபிள் இழுத்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வரும் இணைப்பே மந்தமா? கீழே கலவையே வரவில்லை, படியில் எத்தனை ஆள் நின்று என்ன!