ஈ6 எப்படி பி53-ஐ அழிக்குது?

திருச்சியில இருந்து சென்னைக்குப் போறப்ப, பெரம்பலூர் தாண்டினதும் ரஞ்சன்குடிக் கோட்டை ரோட்டுல இருந்தே தெரியும். ஆனா ஒரே போட்டோவுல அந்தக் கோட்டை பிடிபடாது; எல்லாப் பக்கமும் எடுத்துச் சேர்த்தாத்தான் வடிவம் புரியும். கேன்சருக்குக் காரணமான புரதத்தையும் இப்படித்தான் பார்க்கிறாங்க.

சாதாரண மைக்ராஸ்கோப்புல சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரிச்சுப் பார்க்க முடியாது. புரதமோ சில நானோமீட்டர்தான். அதனால எலக்ட்ரானைப் பாய்ச்சணும். புரதக் கரைசலைத் திரவ ஈத்தேன்ல சட்டுனு முக்கினா, ஐஸ் படிகம் உருவாகாமலே உறைஞ்சுடும். உள்ளே லட்சக்கணக்கான மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசையில திரும்பிக் கிடக்கும். அத்தனை படத்தையும் கம்ப்யூட்டர் சேர்த்து முப்பரிமாண வடிவம் தரும். இதுதான் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். 2017 வேதியியல் நோபல் பரிசு இதுக்குத்தான்.

இப்ப கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வருவோம். காரணம் ஹெச்பிவி வைரஸ்னு ஹெரால்ட் சூர் ஹவுசன் கண்டுபிடிச்சார். நம்ம செல்லுல பி53-னு ஒரு புரதம் இருக்கு. டிஎன்ஏ கெட்டுப்போனா செல் பிரியிறதை நிறுத்தும். சரிப்படலைன்னா அந்தச் செல்லையே சாகவிடும். பல புற்றுநோய்கள்ல பி53 மரபணுவே பழுதாயிருக்கும். இங்க மரபணு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. வைரஸோட ஈ6 புரதம்தான் பி53-ஐ ஒழிக்குது. அதுவும் தனியா இல்லை! நம்ம செல்லோட சொந்த நொதியான ஈ6ஏபி-யைப் பிடிச்சு, பி53 பக்கத்துல கொண்டுவந்து நிறுத்துது. அந்த நொதி பி53 மேல யுபிக்விட்டின்ங்கிற அடையாளக் குறியை ஒட்டும். ஒட்டினதும் செல்லே அதைச் சிதைச்சுடும்.

இந்த மூணும் கோத்துக்கிற இடத்தை 2016-ல படிக முறையில பார்த்தாங்க. படிகத்துல சிக்கினது நொதியோட ஒரு சின்னத் துண்டுதான். முழு நொதியும் சேர்ந்த அமைப்பை அப்புறம் கிரையோ மைக்ராஸ்கோப் காட்டுச்சு. எந்த இடுக்குல மருந்தை நுழைக்கலாம்னு தேட இப்ப வரைபடம் இருக்கு. மருந்து இன்னும் வரலை.

ஆனா தொற்றுல இருந்து புற்றுநோய் வர பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அந்த அவகாசம் ரொம்பப் பெரிசு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள்ல 2000-ல தொடங்கின ஆய்வுல, பயிற்சி பெற்ற நர்ஸுங்க கர்ப்பப்பை வாய்ல அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தாங்க. வெளுத்துத் தெரிஞ்ச இடத்துக்குச் சிகிச்சை கொடுத்தாங்க. ஒரே ஒரு தடவை சோதனைதான். இந்த நோயால வந்த சாவு 35 சதவீதம் குறைஞ்சது. 2007-ல லான்செட் இதழ்ல வெளியாச்சு.

முப்பது வயசு தாண்டின அம்மா, அக்கா, அண்ணி யாரா இருந்தாலும், அரசு மருத்துவமனையில இந்தச் சோதனையைக் கேட்டுப் பண்ணிக்கச் சொல்லுங்க. காசு கிடையாது.