உங்களுக்குத் தெரியுமா? பண்ணை வேறு, ஸ்டேஷன் வேறு!

● ஆஸ்திரேலியாவில் மாடு வளர்க்கும் எல்லோரும் பண்ணைக்காரர்கள் அல்ல. தெற்கே விக்டோரியா மாநிலத்தில் கறவை மாடு வைத்திருப்பவர் நடத்துவது பண்ணை. வடக்கிலும் உள்நாட்டு வறண்ட பகுதிகளிலும் இறைச்சிக்காக மாட்டைக் காட்டில் விட்டிருப்பவர் நடத்துவது ஸ்டேஷன். பால் பண்ணை எவ்வளவு பெரிதானாலும் அதை அங்கே யாரும் ஸ்டேஷன் என்று சொல்வதில்லை. பண்ணையில் விதைத்து வளர்த்த புல் உண்டு. வேலி அடைத்த சின்னச் சின்ன மேய்ச்சல் துண்டுகள் உண்டு. காலையும் மாலையும் கறவை உண்டு. ஸ்டேஷனில் தானாக முளைத்ததுதான் தீவனம். மாடு தானே மேய்ந்து, தானே ஈன்று, தானே பிழைத்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் ஓரிரு தடவைதான் அது மனித முகத்தையே அருகில் பார்க்கும். பரப்பளவு கண்ணை உறுத்துவதால் நாம் அதையே வித்தியாசமென்று நினைத்துவிடுகிறோம். உண்மையான வித்தியாசம் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியிலும் இருக்கிறது.

● இருந்தாலும் பரப்பளவைச் சொல்லாமல் விட முடியாது. உலகிலேயே பெரிய மாட்டு ஸ்டேஷன் தென் ஆஸ்திரேலியாவில் உள்ள அன்னா கிரீக். முன்பு அதனுடன் சேர்ந்தே இருந்த ‘த பீக்’ பகுதியையும் கூட்டினால் 23,000 சதுர கி.மீ.க்கு மேல் வருகிறது, இஸ்ரேலைவிடப் பெரிது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கிங் ரான்ச் 3,340 சதுர கி.மீ. அளவுதான். இவ்வளவு இடம் எதற்கு? அங்கே வருஷத்துக்கு 200 மி.மீ. மழைகூட நிச்சயமில்லை. நல்ல வருஷத்திலேயே ஒரு சதுர கி.மீ.க்குக் கிட்டத்தட்ட ஒரு மாடு என்றுதான் கணக்கு. வறட்சி வந்துவிட்டால் மந்தையில் பெரும்பகுதியை விற்றோ, வேறு ஊருக்கு ஓட்டியோதான் ஆக வேண்டும்.

● ஸ்டேஷனில் தினசரி வேலை மாட்டைப் பார்ப்பது அல்ல, தண்ணீரைப் பார்ப்பது. ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆழ்குழாய்க் கிணறாகச் சுற்றி வருவார். தொட்டியில் மட்டம் சரியாக இருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா, மாடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு சிக்கியிருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பார். வெயில் காலத்தில் ஒரு மாடு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். அங்கே ஒரு வால்வு சிக்கி, யாரும் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்க்காமல் விட்டால், அந்தத் தொட்டியை நம்பியிருக்கும் கூட்டமே செத்துப்போகும். உள்நாட்டு ஸ்டேஷன்கள் பலவற்றுக்கும் உயிர் கொடுப்பது கிரேட் ஆர்ட்டீசியன் நிலத்தடி நீர்ப்படுகை. அதன் பரப்பு 17 லட்சம் சதுர கி.மீ.; நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சில இடங்களில் குழாயிலிருந்து வரும் தண்ணீர் கைவைக்க முடியாத சூட்டில் வரும். அதை ஆறவிட்டுத்தான் மாட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

● காட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளை எப்படிப் பிடிக்கிறார்கள்? மழைக்காலம் ஓய்ந்ததும் ‘மஸ்டரிங்’ தொடங்கும். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஆர்22 ஹெலிகாப்டர் மர உச்சிக்கு மேலே தாழப் பறந்து மாடுகளைப் புதரிலிருந்து கிளப்பும். கீழே குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் சேர்ந்துகொள்வார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி, ‘கோச்சர்’ எனப்படும் சாதுவான மாடுகள். அவற்றை முன்கூட்டியே ஓரிடத்தில் நிறுத்திவைத்து, மிரண்டு ஓடி வரும் காட்டு மாடுகளை அந்தக் கூட்டத்துக்குள் விடுவார்கள். சாது மாடு அசையாமல் நிற்பதைப் பார்த்து மிரண்ட மாடும் அடங்கிவிடும். மாட்டை அடக்க மாட்டையே பயன்படுத்தும் இந்த அறிவு, ஹெலிகாப்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது.

இன்னொரு வழி, தண்ணீரைச் சுற்றிப் பட்டி அடைப்பது. வழியில் இரு பக்கமும் கம்பிகள் உள்நோக்கிச் சாய்ந்து ஈட்டிபோல நீட்டியிருக்கும். மாடு தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். திரும்பி வரும்போது முனைகள் முகத்தில் குத்தும். தாகம்தான் அங்கே மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் ஆள்.

● வடக்கு ஆஸ்திரேலிய ஸ்டேஷன்களில் திமிலோடும் தொங்கும் அலைதாடியோடும் நிற்கும் பிராமன் மாடுகளின் பூர்வீகம் இந்தியா. ஓங்கோல், கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம் இது. ஓங்கோல் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். 1933-ல் இந்த மாடுகள் அமெரிக்காவிலிருந்து குயின்ஸ்லாந்தில் இறங்கின. அதுவரை அங்கே மேய்ந்தவை ஷார்ட்ஹார்ன், ஹெரிஃபோர்டு போன்ற குளிர்நாட்டு இனங்கள். வெயிலிலும் உண்ணியிலும் அவை துவண்டன. பிராமன் இரண்டையும் தாங்கியது.

● ஸ்டேஷனும் பண்ணையும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. ஸ்டேஷனில் பிறந்த கன்று, பண்ணையிலோ தீவனக் கொட்டிலிலோ கொழுத்து, அதன்பிறகே கசாப்புக்குப் போவதும் உண்டு. சில டார்வின் துறைமுகம் வழியாக உயிரோடு இந்தோனேசியாவுக்குக் கப்பலேறும். ஸ்டேஷனிலிருந்து ஏற்றிச் செல்லும் ‘ரோடு டிரெய்ன்’ லாரித் தொடர் 53.5 மீட்டர் நீளம் வரை போகலாம்.

● பக்கத்து வீடே நூறு கி.மீ. தள்ளி இருந்தால் டாக்டருக்கு எங்கே போவது? ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியில் 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து முதல் பறக்கும் மருத்துவர் கிளம்பினார். பிள்ளைகளுக்கான வானொலிப் பள்ளி 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கியது.

● ஸ்டேஷன்களைக் கட்டி எழுப்பிய உழைப்பு பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுடையது. எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் மாடு எந்தப் பக்கம் நகரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கூலியோ மாவு, சர்க்கரை, தேயிலை, இறைச்சி, மிஞ்சினால் கொஞ்சம் காசு. வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் ஸ்டேஷன் பிரிட்டனின் வெஸ்டி குடும்பத்தார் கையில் இருந்தது. 1966 ஆகஸ்ட் 23 அன்று அங்கே வேலை பார்த்த குரிண்ட்ஜி மக்கள் சுமார் 200 பேர், வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குடும்பத்தோடு நடந்தே வெளியேறினார்கள். வெளியில் பார்த்தவர்களுக்கு அது கூலிப் போராட்டம்; அவர்கள் கேட்டதோ நிலத்தை. ஒன்பது வருஷம் விடவில்லை. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் கஃப் விட்லம் நேரில் வந்து, ஒரு கைப்பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டி, சுமார் 3,300 சதுர கி.மீ. நிலத்தைக் குத்தகையாக ஒப்படைத்தார். அந்தக் கணத்தைப் படமெடுத்த மெர்வின் பிஷப்பும் பழங்குடியினர்தான். அடுத்த வருஷமே வடக்குப் பிரதேசத்துக்குப் பழங்குடி நில உரிமைச் சட்டம் வந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சம ஊதியத் தீர்ப்பு 1966-ல் வந்து, 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் கொடுக்க வேண்டுமென்று ஆனதும் பல ஸ்டேஷன்கள் அந்தக் குடும்பங்களையே வெளியேற்றின. ஹெலிகாப்டரும் வேலியும் அவர்கள் இடத்துக்கு வந்தன. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஊர் ஓரங்களில் போய் ஒதுங்க நேர்ந்தது. இது பெரிய அநியாயம்.

● இப்போது நிலத்தின் கதை. பண்ணை பெரும்பாலும் சொந்தப் பட்டா நிலம். உழலாம், விதைக்கலாம், விற்கலாம். ஸ்டேஷன் அப்படி அல்ல. நிலம் அரசுடையது, ஸ்டேஷன்காரர் கையில் இருப்பது மேய்ச்சல் குத்தகை. வடக்குப் பிரதேசத்தில் கிட்டத்தட்டப் பாதி நிலம் இப்படித்தான் இருக்கிறது. குத்தகை மாடு மேய்ப்பதற்கு. வேறு காரியம் செய்ய அனுமதி வாங்க வேண்டும்.

இந்தக் குத்தகை கொடுத்ததாலேயே அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களின் உரிமை அழிந்துவிடாது என்று 1996 டிசம்பரில் விக் பழங்குடி மக்களின் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. இரண்டு உரிமையும் ஒரே நிலத்தில் சேர்ந்திருக்கலாம். மோதினால் குத்தகைக்காரரின் உரிமையே மேலோங்கும். சொந்தப் பட்டாவாக இருந்தால் இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. 2020 செப்டம்பரில் ஃபெடரல் நீதிமன்றம், அதே வேவ் ஹில் ஸ்டேஷனில் குரிண்ட்ஜி மக்களுக்குப் பூர்வ உரிமை உண்டென்று அங்கீகரித்தது.