வைரஸின் பிடியும் சர்க்கரையின் வளைவும்

1997ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் கோழிகளிடையே பரவிய எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் 18 மனிதர்களையும் பற்றியது. அவர்களுள் 6 பேர் மாண்டனர். இத்தனை கொடிய நோய், சாதாரண சளிக்காய்ச்சலைப் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி ஊரெங்கும் பரவவில்லை. ஏன்? விடையின் பெரும்பகுதி நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது.

வைரஸுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. மூச்சுக் காற்றோடு உள்ளே புகுந்து செல்லின்மீது மோதும் வெறும் துகள் அது. இன்புளூயன்சா வைரஸின் விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மோதிய இடத்தில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறு இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் விலகிப் போகும். அந்த மூலக்கூற்றையே ஏற்பி என்கிறோம். இன்புளூயன்சா வைரஸுக்கு ஏற்பியாவது, செல்லின்மேல் மயிரிழைபோல் நீண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம்.

இந்தச் சியாலிக் அமிலம், தனக்கு அடுத்துள்ள காலக்டோஸ் சர்க்கரையின் 3ஆம் கார்பன் அணுவுடன் இணையலாம். 6ஆம் கார்பன் அணுவுடனும் இணையலாம். அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் அவையே. இணையும் இடம் மட்டுமே வேறு. ஆனால் அதனால் வடிவம் மாறிவிடுகிறது. முதல் வகை ஏறக்குறைய நேராக நீண்டு நிற்கும். இரண்டாம் வகை முழங்கைபோல் வளைந்து நிற்கும். வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் குடலில் மிகுந்திருப்பது நேர்வகை. நம் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் மிகுந்திருப்பது வளைந்த வகை.

வைரஸின்மேல் முள் முள்ளாக நிற்கும் ஹீமக்ளுட்டினின் என்னும் புரதமே ஏற்பியைப் பிடிக்கும் கை. 1981இல் வில்சன், ஸ்கேஹல், வைலி ஆகியோர் எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வால் இதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தனர். முள்ளின் நுனிப்பகுதியில் ஒரு சிறு குழிவு உண்டு. அதில்தான் சியாலிக் அமிலம் அமர்கிறது. ஒரு குழிவின் பிடி மிகத் தளர்வானது. ஆனால் ஒரு வைரஸில் சில நூறு முட்கள் உள்ளன. ஒரு நூலை எளிதில் அறுக்கலாம். நூறு நூல்களைத் திரித்த கயிற்றை அறுக்க முடியுமா?

பறவை வைரஸின் குழிவு நேர்வகைக்கு இசைந்தது. ஆகவே நம் மூக்கில் அதற்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. ஆனால் நுரையீரலின் அடியாழத்திலுள்ள காற்று நுண்ணறைகளில் நேர்வகை உண்டு. வைரஸ் அதுவரை சென்றுவிட்டால் கடும் நிமோனியா விளையும். எனினும், அத்தனை ஆழத்திலிருந்து இருமல் வழியே அது பிறரை எளிதில் அடைவதில்லை. நோய் கொடியதாய் இருப்பதற்கும், பரவாமல் நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் தடை நிலையானதா? இல்லை. 1957, 1968ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட காய்ச்சல்களின் ஹீமக்ளுட்டினின், பறவை வைரஸிலிருந்து வந்ததே. அதன் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களுள், குழிவை ஒட்டிய 226, 228 ஆகிய இரண்டு இடங்களில் நேர்ந்த மாற்றமே வளைந்த வகையைப் பற்றும் திறனை அதற்குத் தந்தது. எனவேதான், எங்கேனும் புதிய பறவை வைரஸ் தோன்றினால் ஆய்வாளர்கள் அந்தக் குழிவைக் கூர்ந்து நோக்குகின்றனர்.